கருப்பொருள் கண்காட்சி எப்படி உருவாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலைக் கண்காட்சி ஏற்பாடு செய்யும் வேலையில் இருப்பதால் ஒரே சந்தேகங்கள் பல வாய்களிலிருந்து என்னிடம் வருகின்றன. பார்க்க வருகிறவர்கள், கலை படிக்கும் மாணவர்கள், சொந்தமாகச் சின்ன கேலரி நடத்துகிறவர்கள் என எல்லோரும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். விளக்க வசதிக்காக 'இரவு' என்ற கற்பனைக் கண்காட்சி ஒன்றைப் பல பதில்களிலும் கூடவே அழைத்துக்கொண்டு போகிறேன்.

கருப்பொருள் கண்காட்சின்னா என்ன? மியூசியத்துல எப்பவும் இருக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

நிரந்தரக் காட்சி, அந்த அருங்காட்சியகத்திடம் என்ன இருக்கிறது என்று காட்டுகிறது. கருப்பொருள் கண்காட்சியில் என்ன சொல்லப்போகிறோம் என்பது முதலில் முடிவாகிறது. அதற்கு வேண்டியதைப் பிறகு திரட்டுகிறார்கள். பெரும்பாலும் மூன்று, நான்கு மாதம் நடக்கும். முடிந்ததும் வந்த பொருள்கள் வந்த இடத்துக்கே திரும்பும்.

இதற்கான தேவை ஒரு கணக்கைப் பார்த்தாலே புரியும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 80 லட்சம் பொருள்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் பார்வைக்கு இருப்பவை ஏறக்குறைய 80,000, அதாவது நூற்றில் ஒன்று. மற்றவை கிடங்கில். அவற்றில் சில வெளியே வர ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம்தான் கருப்பொருள். இரண்டு வகைக்கும் நடுவே உறுதியான கோடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2000-ல் லண்டனில் திறந்த டேட் மாடர்ன் அருங்காட்சியகம், தன் சொந்தச் சேகரிப்பையே கால வரிசையை விட்டுவிட்டுக் கருப்பொருள் வாரியாகத்தான் மாட்டியது.

ஐடியா எங்கேருந்து வருது? யாராவது உக்காந்து யோசிப்பாங்களா?

பெரும்பாலும் ஒரு கியூரேட்டர், அதாவது கண்காட்சியைத் திட்டமிட்டுப் படைப்புகளைத் தேர்ந்தெடுப்பவர், பல வருடமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சியிலிருந்து வரும். புதிதாக வாங்கிய படைப்பு ஒன்று, கிடங்கில் கண்ணில் பட்ட ஒரு பெட்டி, ஓவியரின் பிறந்த நாள் நூற்றாண்டு இவையும் காரணமாகலாம். நூற்றாண்டைத்தான் நான் ஆகக் கடைசியில் வைப்பேன். தேதி வந்துவிட்டது என்பதற்காக நடத்தும் கண்காட்சிக்குச் சொல்ல எதுவும் இருப்பதில்லை.

சில நேரம் வாய்ப்பே வாசலைத் தட்டும். நியூயார்க்கின் ஃப்ரிக் சேகரிப்பு புதுப்பிப்புக்காக மூடியிருந்ததால், அங்கிருக்கும் டச்சு ஓவியர் வெர்மீரின் மூன்று ஓவியங்களும் 2023-ல் ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தின் வெர்மீர் கண்காட்சிக்கு வந்தன. வெர்மீர் வரைந்ததாக இன்று எஞ்சியிருப்பவை 37-க்குப் பக்கம். அவற்றில் 28 ஒரே கூரையின் கீழ் சேர்ந்தன.

'இரவு', 'நதி', 'நிறம்'னு ஒரு நல்ல தலைப்பு வெச்சாப் போதாதா?

போதாது. 'இரவு' என்பது ஒரு டப்பா. நிலா இருக்கிற எந்தப் படத்தையும் அதில் போடலாம், எதையும் வேண்டாமென்று சொல்ல முடியாது. எதை வெளியே நிறுத்துவது என்று சொல்லத் தெரியாத தலைப்பு கண்காட்சிக்கு உதவாது.

அதையே 'தெருவிளக்கு வந்த பிறகு ஓவியர்களின் இரவு மாறிவிட்டது' என்று ஒரு வாதமாக்கிப் பாருங்கள். உடனே தேர்வு தொடங்கிவிடும். நியூயார்க்கில் இருக்கும் வான்கோவின் 'நட்சத்திர இரவு' (1889) எல்லோருக்கும் முதலில் தோன்றும் படம். ஆனால் இந்த வாதத்துக்கு அதைவிடப் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய 'ரோன் நதி மேல் நட்சத்திர இரவு' (1888) பொருந்தும். அதில்தான் கரையோர எரிவாயு விளக்குகளின் வெளிச்சம் தண்ணீரில் நீளநீளமாக விழுகிறது. ரெம்பிராண்ட்டின் 'இரவுக் காவல்' (1642) பெயரில் மட்டும்தான் இரவு. காலப்போக்கில் வார்னிஷ் கறுத்துப்போனதால் வந்த பெயர் அது. வரைந்தது பகல் காட்சி. தலைப்பை மட்டும் பார்த்துத் தேடுகிறவர் இங்கே விழுந்துவிடுவார்.

மொத்தத்துல எவ்வளவு நாள் ஆகும்?

பல நாடுகளிலிருந்து இரவல் வாங்கும் பெரிய கண்காட்சிக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். சொந்தச் சேகரிப்பிலிருந்து மட்டும் செய்தால் ஒன்று, ஒன்றரை ஆண்டில் முடிக்கலாம். சுவரில் மாட்டும் வேலை இதில் கடைசி இரண்டு, மூன்று வாரம்தான். வெளியாட்கள் பார்ப்பது அந்தப் பகுதியை மட்டும் என்பதால் எல்லாம் அப்போதுதான் நடக்கிறது என்று நினைக்கிறார்கள்.

எல்லாம் கியூரேட்டர்தானே பண்றாரு? மத்தவங்க எதுக்கு?

வாதம் கியூரேட்டருடையது, தேர்வும் அவருடையது. அது நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிப்பவர்கள் வேறு. இரவல், ஒப்பந்தம், போக்குவரத்து, காப்பீடு எல்லாம் ரெஜிஸ்ட்ரார் கையில். ஒரு படைப்பு பயணத்தைத் தாங்குமா, எவ்வளவு வெளிச்சத்தில் வைக்கலாம் என்று சொல்பவர் கன்சர்வேட்டர். சுவர் எங்கே எழும்புகிறது, ஆள் எப்படி நடக்கிறார் என்பது வடிவமைப்பாளர் வேலை. இவர்களோடு மாட்டுகிறவர்கள், விளக்குக்காரர், லேபிள் எழுதுகிறவர், கல்விப் பிரிவு, பாதுகாப்பு என்று பட்டியல் நீளும்.

இவர்கள் ஒத்துப்போவதில்லை, ஒத்துப்போகவும் வேண்டியதில்லை. வடிவமைப்பாளர் பிரகாசமான அறை கேட்பார், கன்சர்வேட்டர் விளக்கைக் குறைக்கச் சொல்வார். அந்த இழுபறியில் எட்டும் சமரசங்கள்தான் நீங்கள் பார்க்கும் அறை.

படங்களை எந்த அடிப்படையில தேர்ந்தெடுக்கிறாங்க? பிரபலமானதா பார்த்தா?

முதலில் ஒரு நீண்ட பட்டியல் போடுவார்கள். மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிகமாகவே இருக்கும். பிறகு ஒவ்வொரு படைப்பிடமும் ஒரே கேள்வி: இதை எடுத்துவிட்டால் வாதத்தில் ஓட்டை விழுமா? விழும் என்றால் முதல் தரம். நன்றாக இருக்கும், ஆனால் மாற்று உண்டு என்றால் இரண்டாம் தரம். அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் உள்ளே வந்தவை மூன்றாம் தரம். அவைதான் முதலில் வெளியே போகும், மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

தனித்தனிப் படைப்பைவிடப் பக்கத்துப் பக்கத்து ஜோடிகளில்தான் கருப்பொருள் பேசும். ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷிகேயின் மர அச்சுப் படம் ஒன்றை அமெரிக்க ஓவியர் விஸ்லரின் 1870-களின் லண்டன் பாலம் ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்தால், உயரமான பாலத்தைக் கீழிருந்து வெட்டிக் காட்டும் பார்வையை விஸ்லர் ஜப்பானிய அச்சுகளிலிருந்து எடுத்துக்கொண்டார் என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அந்த ஓவியம் டேட்டில் இருக்கிறது. தருவார்களா என்பது அடுத்த கேள்வி.

வேற மியூசியத்துல இருக்கிறதைக் கேட்டா சும்மா குடுத்துடுவாங்களா?

கேட்கும் முறை இருக்கிறது. குறைந்தது ஆறு மாதம் முன்பாக, பெரும்பாலும் ஒரு வருடத்துக்கும் முன்பாக, இயக்குநர் பெயரில் கடிதம் போக வேண்டும். கண்காட்சியின் வாதம் என்ன, இந்தப் படைப்பு ஏன் தேவை, எத்தனை நாள், வேறு யாரெல்லாம் தருகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கூடவே உங்கள் கட்டடத்தைப் பற்றிய விரிவான அறிக்கை கேட்பார்கள். தீயணைப்பு, காவல், ஈரப்பதம், சரக்கு லிஃப்ட்டின் அகலம் வரைக்கும். லிஃப்ட்டுக்குள் பெட்டி நுழையாது என்பது திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் தெரிந்தால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

மேலே சொன்ன வாதம் இங்கேதான் கைகொடுக்கிறது. 'உங்கள் ஓவியம் மிகவும் புகழ்பெற்றது' என்ற கடிதத்துக்கு மறுப்பு சுலபம். 'இந்த ஓவியத்தின் மூலையில் இருக்கும் விளக்குக் கம்பம்தான் எங்கள் மூன்றாவது அறையின் தொடக்கம்' என்ற கடிதத்தைக் குழுவில் வைத்துப் பேசுவார்கள். பதிலுக்கு அவர்களுக்கும் ஒரு நாள் உங்களிடம் ஏதாவது தேவைப்படும். இந்தக் கொடுக்கல் வாங்கலை யாரும் ஒப்பந்தத்தில் எழுதுவதில்லை, மறப்பதும் இல்லை.

சில ஓவியங்கள் மட்டும் ஏன் எங்கேயும் போறதே இல்ல?

மூன்று காரணம். உடல்நிலை ஒன்று: பிக்காசோவின் 'குவெர்னிகா' (1937) பல நாடுகளுக்குச் சுருட்டியும் விரித்தும் கொண்டுபோகப்பட்டதில் நொந்துபோனது. 1981-ல் ஸ்பெயின் வந்த பிறகு வெளியே போகவில்லை. பில்பாவோவின் குகன்ஹைம் 1997-ல் தன் திறப்புக்குக் கேட்டபோதும் மறுத்துவிட்டார்கள். அடுத்தது உயில்: லண்டனின் வாலஸ் சேகரிப்பு, உயிலின்படி எதையும் இரவல் தர முடியாது என்று நூறாண்டுக்கு மேல் இருந்தது. 2019-ல்தான் அதைத் தளர்த்தினார்கள்.

மூன்றாவது, அந்த ஒரு படத்துக்காகவே அந்த அருங்காட்சியகத்துக்கு ஆள் வருகிறார்கள் என்பது. 2019-ல் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் தன் கட்டடத்துக்குள்ளேயே லியனார்டோ கண்காட்சி நடத்தியது. அப்போதும் மோனாலிசா தன் வழக்கமான அறையிலேயே இருந்தது. அதைக் கண்காட்சிக்குள் கொண்டுவந்திருந்தால் கூட்டம் மொத்தமும் அங்கே அடைத்துக்கொண்டிருக்கும்.

வழியில ஏதாவது ஆயிடுச்சுன்னா யார் பொறுப்பு?

இரவல் வாங்குகிற நிறுவனம். காப்பீடு 'ஆணி முதல் ஆணி வரை' எடுக்கப்படும். தருகிறவர் சுவரிலிருந்து கழற்றிய நொடி தொடங்கி, அதே சுவரில் திரும்ப மாட்டும் வரை. பிரீமியம் தாங்காது என்பதால் சில அரசுகள் இழப்பீட்டுப் பொறுப்பைத் தாமே ஏற்கின்றன. அமெரிக்காவில் 1975 முதலும் பிரிட்டனில் 1980 முதலும் இப்படி ஏற்பாடு இருக்கிறது. இது இல்லையென்றால் நீங்கள் பார்த்த பெரிய கண்காட்சிகளில் பாதி நடந்தே இருக்காது.

பொறுப்பு யாருடையது என்பதை நிறுவுவது கண்டிஷன் ரிப்போர்ட். கிளம்பும் முன், வந்த பின், திரும்பும் முன், திரும்பிய பின் என்று நான்கு முறை டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து, ஒவ்வொரு வெடிப்பையும் புடைப்பையும் புகைப்படத்தின் மேல் குறித்துக்கொள்வார்கள். 'வலது கீழ் மூலையிலிருந்து 4 செ.மீ. மேலே, முடிக்கோடு போல வெடிப்பு, பழையது' என்ற அளவுக்கு நுணுக்கமாக. அந்தப் 'பழையது' என்ற ஒரு சொல்லுக்காக இரண்டு தரப்பும் அரை மணி நேரம் நின்று பேசும். பெட்டி வந்ததும் உடனே திறக்க மாட்டார்கள், அறையின் வெப்பத்துக்குப் பழக 24 மணி நேரம் அப்படியே வைப்பார்கள்.

உள்ளே ஏன் இவ்வளவு இருட்டா வெச்சிருக்காங்க? ஒண்ணுமே தெரியல.

அதிகம் வரும் புகார் இது. காகிதம், துணி, நீர்வண்ணம் போன்றவற்றுக்கு உச்ச அளவு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை. நேர் வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும், அங்கிருந்து உள்ளே வருகிற கண்ணுக்கு 50 லக்ஸ் இருட்டுத்தான். அதனால் நல்ல வடிவமைப்பாளர் நுழைவாயிலிலிருந்தே படிப்படியாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு வருவார். கண் பழகிவிட்டால் 50 லக்ஸில் நிறம் தெளிவாகத் தெரியும்.

வெளிச்சம் செய்யும் சேதம் கூடிக்கொண்டே போகும், குறையாது. இரட்டிப்பு வெளிச்சத்தில் பாதி நேரம் வைத்தாலும் சேதம் அதேதான். அதனால் காகிதப் படைப்புகளை மூன்று, நான்கு மாதம் காட்டிவிட்டுப் பல வருடம் இருட்டில் ஓய்வு தருவார்கள். லூவ்ரின் அந்த லியனார்டோ கண்காட்சிக்கு வெனிஸிலிருந்து வந்த 'விட்ருவிய மனிதன்' வரைபடத்தை மொத்தக் காலமும் வைக்க அனுமதி இல்லை, எட்டு வாரம்தான். அந்தப் பயணத்தையே ஒரு நீதிமன்றம் முதலில் நிறுத்திவைத்துப் பிறகுதான் விட்டது. நம் 'இரவு' கண்காட்சியில் ஹிரோஷிகே அச்சுகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. மர அச்சில் ஒரே படத்துக்குப் பல பிரதிகள் உண்டு என்பதால் பாதிக் காலத்தில் ஒன்றை இறக்கி வேறொரு பிரதியை ஏற்றலாம்.

ஏசியும் எப்பவும் குளுகுளுன்னு. அதுவும் ஓவியத்துக்காகவா?

ஆமாம். குளிரைவிட ஈரப்பதம்தான் முக்கியம். மரப்பலகை, கேன்வாஸ், காகிதம் எல்லாம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். மேலே இருக்கும் வண்ணப் படலம் அதே வேகத்தில் நகராது, உரியும். முன்பு 50 சதவீதம், 5 கூடக் குறைய, அதற்கு மேல் அசையவே கூடாது என்றிருந்தார்கள். மின்செலவு பயங்கரம். இப்போது பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் சேர்ந்த பிசோ குழு 40 முதல் 60 சதவீதம், 16 முதல் 25 டிகிரி வரை பெரும்பாலான பொருள்களுக்குப் போதும் என்கிறது. மாற்றம் மெதுவாக இருந்தால் சரி. எளிதில் கெடக்கூடியவற்றுக்கு இன்னும் தனிப் பெட்டி வேண்டும்.

எந்தப் படம் எந்தச் சுவர்லன்னு எப்படி முடிவு பண்றாங்க?

முதலில் அறையின் சிறு மாதிரி, அட்டையிலோ கணினியிலோ. அதில் தபால்தலை அளவுப் படங்களை ஒட்டி எடுத்து மாதக்கணக்கில் நகர்த்துவார்கள். உண்மையான படங்கள் வந்த பிறகும் உடனே ஆணி அடிப்பதில்லை. சுவரோரம் தரையில் பஞ்சுக்கட்டைகள் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார்கள். மாதிரியில் கனகச்சிதமாக இருந்த ஜோடி நேரில் ஒன்றையொன்று விழுங்கிவிடுவது அடிக்கடி நடக்கும்.

நான் முதலில் பார்ப்பது வாசல்களை. ஒரு அறையில் நிற்கும்போது அடுத்த அறையின் வாசல் வழியாக எந்தப் படம் தெரிகிறது என்பது ஆளை இழுக்கும் கயிறு. அங்கே பலவீனமான படத்தை வைத்தால் கூட்டம் நகராது. அடுத்தது உட்காரும் இடம். 1916-லேயே பாஸ்டன் அருங்காட்சியகத்தின் கில்மன், ஒரு ஆள் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்கக் குனிவதையும் எட்டிப்பார்ப்பதையும் மண்டியிடுவதையும் வரிசையாகப் படம் எடுத்து, பார்வையாளர் களைத்துப்போவதற்குக் காரணம் காட்சி வைத்த விதம்தான் என்று காட்டினார். நூறு வருடம் ஆகியும் பெஞ்சு போட மனம் வராத கேலரிகள் இருக்கின்றன.

என்ன உயரத்துல மாட்டணும்?

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ. ஒரே அறையில் ஒரே அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் அதிகம் என்றால் கீழ் எல்லைக்குப் போங்கள், லேபிளையும் கூடவே இறக்குங்கள்.

பக்கத்துல இருக்கிற குறிப்பை யாரு படிக்கிறா? எதுக்கு அவ்வளவு மெனக்கெடணும்?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், ஒரு படைப்பின் முன் மக்கள் நின்ற சராசரி நேரம் 27 விநாடி. லேபிள் படிக்கிற நேரமும் அதற்குள் அடக்கம். அதனால்தான் மெனக்கெட வேண்டும். அறைத் தொடக்கத்தில் நூறு, நூற்றைம்பது சொல். படைப்புக்குப் பக்கத்தில் ஐம்பது, அறுபது. இரண்டு மொழி என்றால் இன்னும் குறைக்க வேண்டியிருக்கும்.

எழுதும் விதத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு. வெர்மீரின் 'கடிதம் படிக்கும் நீல உடைப் பெண்' படத்துக்கு, 'ஒளியைக் கையாள்வதில் ஓவியரின் ஒப்பற்ற திறமை வெளிப்படும் படைப்பு' என்று எழுதலாம். எந்தப் படத்துக்குப் பக்கத்திலும் அதை ஒட்டலாம். 'வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது, ஆனால் ஜன்னல் படத்தில் இல்லை' என்று எழுதினால் படிப்பவர் தலை திரும்பி ஜன்னலைத் தேடும். லேபிளின் வேலை, கண்ணைத் திரும்பப் படத்துக்கே அனுப்புவது.

அறிஞர்களே ஒத்துப்போகலைன்னா லேபிள்ல என்ன எழுதுறது?

'அவர் வரைந்தது', 'அவர் வரைந்ததாகக் கருதப்படுவது', 'அவர் பட்டறையைச் சேர்ந்தது' என்று படிநிலைகள் உண்டு. வழக்கமாகத் தருகிறவர் சொல்வதையே போடுவார்கள். ஆனால் 2022-ல் வாஷிங்டன் தேசிய கேலரி, தன்னிடமுள்ள 'புல்லாங்குழல் பெண்' வெர்மீர் வரைந்தது அல்ல என்று அறிவித்தது. அடுத்த வருடம் மேலே சொன்ன ஆம்ஸ்டர்டாம் கண்காட்சி அதே படத்தை வெர்மீர் என்றே வைத்தது. சந்தேகம் இருப்பதைப் பார்வையாளரிடம் சொல்லிவிடுவது நல்லது என்பது என் கட்சி. மக்கள் அதை ரசிக்கிறார்கள்.

தனியார் கேலரியும் இப்படித்தான் பண்ணுமா?

சிந்தனை ஒன்றுதான், கணக்கு வேறு. கேலரி விற்பதற்காகக் காட்டுகிறது. விற்றால் விலையில் ஒரு பங்கு, பல இடங்களில் பாதி வரை, கேலரிக்கு. அதனால் நான்கு முதல் ஆறு வாரம் ஒரு கண்காட்சி, சில மாதத் தயாரிப்பு. கருப்பொருள் வைத்த குழுக் கண்காட்சியில் விற்பனைக்கு இல்லாத ஒன்றிரண்டு படைப்புகளை இரவல் வாங்கி வைப்பதும் உண்டு. வாதத்துக்கு முதுகெலும்பு கிடைக்கும், மற்றவற்றின் மதிப்பும் கூடும். இரண்டாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஸ்பான்சர் காசு குடுத்தா அவங்க சொல்றதைத்தான் காட்டணுமா?

ஒப்பந்தத்தில் லோகோ எங்கே, எந்த அளவு, தனி மாலைப் பார்வைகள் எத்தனை என்று எழுதலாம். படைப்புத் தேர்விலும் லேபிள் வாசகத்திலும் அவர்களுக்குக் குரல் இல்லை என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். தனியார் சேகரிப்பாளரே பண உதவியும் செய்து தன் படங்களையும் தருகிறார் என்றால் கூடுதல் எச்சரிக்கை. கண்காட்சிக்குப் போய் வந்த படத்துக்கு ஏலத்தில் விலை ஏறும்.

ஒரு சமூகத்தைப் பத்திக் கண்காட்சி வெச்சா அவங்ககிட்ட கேட்கணுமா? ஆராய்ச்சி பண்ணினா போதாதா?

போதாது என்பதற்குச் சான்று 1969. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் நியூயார்க்கின் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லமைப் பற்றிப் பெரிய கண்காட்சி நடத்தியது. புகைப்படங்கள், ஒலிப்பதிவுகள் எல்லாம் இருந்தன. ஹார்லத்தில் வாழ்ந்து வரைந்துகொண்டிருந்த கறுப்பின ஓவியர்களின் ஓவியம் ஒன்றுகூட இல்லை. அந்த ஓவியர்களே வாசலில் பதாகையோடு நின்றார்கள்.

சரியாகச் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 1992-ல் பால்டிமோரின் மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தில் கறுப்பினக் கலைஞர் ஃப்ரெட் வில்சன் செய்தது எடுத்துக்காட்டு. வெளியிலிருந்து எதையும் அவர் கொண்டுவரவில்லை, அவர்கள் கிடங்கையே திறந்தார். வேலைப்பாடு மிகுந்த வெள்ளிக் கூஜாக்களும் கோப்பைகளும் இருந்த பெட்டிக்குள் அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கை வைத்து, 'உலோக வேலைப்பாடு 1793–1880' என்று லேபிள் ஒட்டினார். இரண்டுமே அந்தச் சங்கத்திடம் இருந்தவைதான். அதுவரை ஒரே பெட்டியில் இருந்ததில்லை.

வழிபாட்டுப் பொருள், மனித எச்சம் என்றால் கேட்பது இன்னும் கட்டாயம். அமெரிக்காவில் 2024 தொடக்கத்தில் வந்த விதிகள்படி பூர்வகுடிகளின் புனிதப் பொருள்களைக் காட்ட அவர்களின் ஒப்புதல் வேண்டும். நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உடனே இரண்டு கூடங்களை மூடிவிட்டது.

'இது எங்க வீட்டுல திருடினது'ன்னு ஒருத்தர் வந்து நின்னா?

நடந்திருக்கிறது. ஆஸ்திரிய ஓவியர் எகான் ஷீலேயின் 'வாலியின் உருவப்படம்' வியன்னாவின் லியோபோல்ட் அருங்காட்சியகத்திலிருந்து நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு இரவலாக வந்திருந்தது. நாஜிக் காலத்தில் பறிக்கப்பட்டது என்று உரிமையாளரின் வாரிசுகள் சொல்ல, 1998 தொடக்கத்தில் படம் ஊர் திரும்ப முடியாமல் சட்டச் சிக்கலில் மாட்டியது. 2010-ல் 1.9 கோடி டாலருக்குச் சமரசமான பிறகுதான் திரும்பியது.

அதனால் இரவல் கேட்கும் முன்பே ஒவ்வொரு படைப்பும் யார் யார் கை மாறி வந்தது என்று பார்க்கிறார்கள். நாஜிகள் ஆட்சியில் இருந்த 1933 முதல் 1945 வரையிலான காலத்தில் இடைவெளி இருந்தால் அங்கே நின்று தோண்டுவார்கள். கலைப்பொருள் இரவலில் இருக்கும்போது பறிமுதல் செய்யக் கூடாது என்ற சட்டப் பாதுகாப்பு சில நாடுகளில் உண்டு. ஆனால் அது பயணத்தைத்தான் காப்பாற்றும். படம் யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

முக்கியமான படம் கடைசி நேரத்துல வரலைன்னா என்ன பண்ணுவாங்க?

இரண்டாம் தரப் பட்டியல் இதற்காகத்தான் வைத்திருப்பது. மாற்று இல்லையென்றால் அந்த அறையின் வாதத்தையே திருத்தி எழுதுவார்கள். பாதிக் காலத்துக்கு மட்டும் வருவதும் உண்டு: 'முத்துக் காதணிப் பெண்' ஆம்ஸ்டர்டாமில் மார்ச் கடைசியோடு தன் ஊரான தி ஹேக்குக்குத் திரும்பிவிட்டாள், கண்காட்சி ஜூன் வரை நடந்தது. இதை டிக்கெட் விற்கும்போதே சொல்லிவிட வேண்டும், உள்ளே வந்த பிறகு சொன்னால் சண்டை. இல்லாத படத்தின் புகைப்படப் பிரதியை அதே இடத்தில் மாட்டுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. கேட்லாகில் அச்சிடலாம்.

கூட்டம் அலைமோதினா கண்காட்சி வெற்றிதானே?

1937-ல் மியூனிக்கில் நாஜிகள் 'சீரழிந்த கலை' என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த சுமார் 650 நவீனப் படைப்புகளை நெருக்கியடித்து, கோணலாக மாட்டி, சுவரெல்லாம் கேலி வாசகம் எழுதினார்கள். 20 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அதுவும் கருப்பொருள் கண்காட்சிதான். இந்தப் பக்கத்தில் சொன்ன ஜோடி, நெருக்கம், லேபிள் எல்லாவற்றையும் அவர்களும் பயன்படுத்தினார்கள், வெறுக்கவைப்பதற்காக.

ஆக எண்ணிக்கை ஒரு தகவல், அவ்வளவே. ஆம்ஸ்டர்டாம் வெர்மீர் கண்காட்சிக்கு 6,50,000 பேர் வந்தார்கள். நினைத்திருந்தால் இன்னும் பலரைத் திணித்திருக்கலாம். சின்னச் சின்னப் படங்களை நின்று பார்க்க முடிய வேண்டும் என்று டிக்கெட்டைக் கட்டுப்படுத்தினார்கள். நான் வெளியேறும் வாசலில் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கண்காட்சி எதைப் பற்றி? பதிலில் நாங்கள் எழுதிய வாதம் ஏதாவது உருவில் திரும்பி வந்தால் சரி. 'நல்ல படங்கள்' என்று மட்டும் வந்தால் டப்பாவைத்தான் காட்டியிருக்கிறோம்.

எங்ககிட்ட ரெண்டு அறைதான், காசும் இல்ல. எங்கே ஆரம்பிக்கிறது?

இரவலை மறந்துவிட்டு உங்களிடம் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அது எந்தப் படைப்பை விலக்குகிறது என்று கூடவே எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் வாக்கியத்தை மாற்றுங்கள். இருபது படைப்பு போதும், பதினைந்து இன்னும் நல்லது. லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது ஒரு வாரத்துக்குக் கடன் கேளுங்கள். ஜன்னலுக்குத் திரை போடுங்கள். ஒவ்வொரு படத்தையும் மாட்டும் முன்பும் கழற்றிய பின்பும் பக்கவாட்டு வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்துவையுங்கள், உங்கள் சொந்தப் படமாக இருந்தாலும்.

லேபிளை அச்சுக்கு அனுப்பும் முன், கலையோடு சம்பந்தமில்லாத ஒருவரைப் படத்தின் முன் நிற்கவைத்துப் படித்துக் காட்டுங்கள். அவர் கண் எந்த இடத்தில் படத்துக்குத் திரும்பவில்லையோ அந்த வரியை அடித்துவிடலாம்.